நூற்று முப்பத்தாறு தாள்கள்

புரட்டாசியில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மேற்கே மேகம் ஏறினால் எங்கள் பட்டாசு ஊரில் யாரும் மழை வருகிறதென்று சந்தோஷப்படுவதில்லை. முதலில் மின்னலைத்தான் பார்ப்போம். எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். இடியா, மற்றதா என்று காது பிரித்துப் பார்க்கும். இடிதான் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். தீபாவளி நெருங்க நெருங்க இந்த மூச்சுப் பிடிப்பு எங்களுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிடும்.

இத்தனைக்கும் நான் பட்டாசுக்காரி இல்லை, பிரஸ்காரி. அப்பாவுக்குப் பிறகு இந்த ஆஃப்செட் பிரஸ்ஸை நான்தான் நடத்துகிறேன். காலண்டர், லேபிள், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் அடிப்போம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது பிரஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். என் கார் சத்தம் கேட்டதுமே பைண்டிங் பக்கம் பேச்சு அடங்கிவிடுமாம். அதைவிடப் பெரிய வியாதி ஒன்றும் எனக்கு உண்டு. சொன்ன சொல் தவறக் கூடாது. அதை ரொம்ப காலம் என்னுடைய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் கீழக்கரைப் பக்கத்து ஏற்றுமதி வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு காலண்டர் ஆர்டர் வந்தது. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பெரிய தாள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே தேதிக் கட்டம். படம் என்றால் படமில்லை, அரபி எழுத்து. விருதுநகரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிற ஒரு டீச்சர் மார்பிள் பேப்பரில் எழுதியது. மூலப் படங்களை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

மார்பிள் பேப்பர் என்றால் எனக்குத் தெரிந்தது பேரேட்டு நோட்டுக்கு அட்டை ஒட்டுகிற தாள்தான். சிவப்பும் நீலமுமாகக் குழம்பிக் கிடக்கும், கட்டுக் கட்டாக வாங்குவோம், கிழிந்தால் எறிவோம். டீச்சர் வீட்டுப் பின்கட்டில் பார்த்தது வேறு. மண்டபம் கடற்கரைப் பக்கமிருந்து வாங்கின கடல்பாசிப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, கஞ்சித் தண்ணீர் பதத்துக்கு ஒரு தகரத் தட்டில் ஊற்றி வைத்திருந்தார். சாயத்தில் இரண்டு சொட்டு மாட்டுப் பித்தநீர். கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்குவாராம். அதுதான் சாயத்தை முழுகவிடாமல் தண்ணீர்மேல் விரிய வைக்கிறது. சொட்டுச் சொட்டாக விட்டு, பல் அகன்ற சீப்பால் ஒரு இழு இழுத்து, படிகாரம் பூசிக் காயவைத்த தாளை மெல்ல மேலே படுக்க வைத்தார். எடுத்தபோது தண்ணீரில் இருந்தது அத்தனையும் தாளுக்கு வந்திருந்தது.

“ரெண்டாவது தடவ இதே மாதிரி வராது. ஒண்ணு ஒண்ணுதான்” என்றார்.

காய்ந்த தாளைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, அதன்மேல் நாணல் பேனாவால் கரிமை தொட்டு எழுதுவார். எழுதும்போது மூச்சை அடக்கிக்கொள்வதைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் தோன்றவில்லை. அச்சடிக்கிறவளுக்கு எந்தப் படமும் நான்கு கலர், ஒரு சைஸ், அவ்வளவுதான்.

படங்களை உறையில் போட்டுக் கொடுக்கும்போது டீச்சர் சொன்னார்: “அக்கா, ஒண்ணே ஒண்ணு. பிரஸ்ஸுல கெட்டுப்போற தாள் எல்லாத்தையும் எங்கிட்டயே குடுத்துருங்க. ஒவ்வொண்ணுலயும் அல்லாவோட பேரு இருக்கு. குப்பையிலயோ காலடியிலயோ கெடக்கக் கூடாது.”

“ஒரு தாள் வெளிய போகாது டீச்சர். எண்ணித் தந்துருவேன்.”

கொடுத்துவிடுங்கள் என்றுதான் அவர் கேட்டார். எண்ணி என்பதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் பிரஸ் கழிவு குப்பைக்குப் போகாது, பட்டாசுக்குப் போகும். கெட்டுப்போன தாளையெல்லாம் கழிவு வியாபாரி எடைக்கு எடுத்துப்போய் வெடிக் குழாய் சுற்றக் கொடுத்துவிடுவார். வெடித்த வெடியின் துண்டை எடுத்துப் பார்த்தால் போன வருஷத்துத் தேதி இருக்கும், ஏதோ ஒரு சாமியின் கண் இருக்கும், சில சமயம் பாதி மணமகன் பெயர் இருக்கும். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பிறந்ததிலிருந்து மிதித்து நடக்கிறோம்.

வேலை தொடங்கியது. ஆடிப்பெருக்குக்குப் பிறகு எங்களுக்குத் தலைக்குமேல் வேலை. நாள் முழுக்க மெஷின் ஓடும். அதில்தான் முதல் தவறு நடந்தது. எங்கள் ஊர் டிசைனர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படத்தில் முகமோ பூவோ காலண்டருக்கு வெளியே பார்த்தால் பிடிக்காது. உள்பக்கம், தேதியைப் பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் திருப்பிவிடுவார்கள். சாமி படம் என்றால் ஆசீர்வாதக் கை இடதுகையாக மாறிவிடும் என்று யாராவது சத்தம் போடுவார்கள், பிடித்துவிடலாம். இந்தக் காலண்டரில் ஒரு மாதத்துப் படத்தில் சாயச் சுழிப்பு வெளிப்பக்கம் ஓடுவதைப் பார்த்து, எங்கள் டிசைனர் பையன் அழகுக்காகத் திருப்பிவிட்டான். எழுத்தும் சேர்ந்து திரும்பிவிட்டது. பிரஸ்ஸில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

கலர் பார்த்துச் சொல்ல டீச்சர் வந்தபோது ஆயிரத்து இருநூறு தாள் ஓடியிருந்தது. மெஷின் வாயிலிருந்து ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தவர் முகம் மாறிப்போனது.

“அக்கா, இது திரும்பியிருக்கு. கண்ணாடியில பாக்கிற மாதிரி.”

நான் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு டிசைனரைப் பிடித்துக்கொண்டேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. டீச்சர்தான் என் கையைப் பிடித்தார். “விடுங்கக்கா, தெரியாமச் செஞ்சது. திரும்பியிருந்தாலும் பேரு பேருதான். இதையும் கெட்டதோட சேத்து எடுத்து வைங்க. திங்கட்கெழம சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து வாங்கிக்கிறேன்.”

ஆயிரத்து இருநூறையும் கட்டி மேஜைக்கு அடியில் வைத்து, மேல் தாளில் சிவப்பு மார்க்கரால் பெரிதாகத் ‘தொடாதே’ என்று எழுதினேன். மெஷினில் எண் காட்டும் மீட்டரைப் பார்த்து அந்த எண்ணையும் பக்கத்தில் குறித்தேன். புது பிளேட் போட்டு, சரியாக அடித்து முடித்தோம். எல்லாம் அடங்கிவிட்டதென்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் கட்டைப் பிரித்து எண்ண உட்கார்ந்தேன். ஆயிரத்து அறுபத்து நான்கு. மறுபடி எண்ணினேன். பைண்டிங்கில் எண்ணிக் கை தேர்ந்த பெண் ஒருத்தியை எண்ணச் சொன்னேன். ஆயிரத்து அறுபத்து நான்கு. நூற்று முப்பத்தாறு தாளைக் காணவில்லை.

மெஷின் ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். அப்பா காலத்திலிருந்து இருப்பவர். அவர் மறைக்கவில்லை. சனிக்கிழமை ஒரு பட்டாசுப் பெட்டி லேபிளுக்குக் கலர் செட் பண்ண வேண்டியிருந்ததாம். எந்த ஆபரேட்டரும் புதுத் தாளை வைத்துக் கலர் செட் பண்ண மாட்டார். ஏற்கெனவே கெட்ட தாளின் வெள்ளைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்து, நிறம் சரியான பிறகுதான் நல்ல தாள் வைப்பார்கள். அது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான் மெஷினில் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

“தொடாதேன்னு இம்புட்டுப் பெருசா எளுதியிருக்கேனே, கண்ணு தெரியலயா?”

“தெரிஞ்சுச்சும்மா. அதான் மேல கை வைக்கல. அடியில இருந்துதான் உருவுனேன்.”

சிரிப்பு வருகிற பதில்தான். அன்றைக்கு எனக்கு வரவில்லை. கலர் செட் பண்ணின தாள் சனிக்கிழமை சாயங்காலமே கழிவு வண்டியில் போயிருந்தது. ஒரு பக்கம் டீச்சரின் எழுத்து, மறுபக்கம் பட்டாசுப் பெட்டியின் லேபிள்.

அப்போதே ஒரு போன் போட்டிருக்க வேண்டும். போன் கையில்தான் இருந்தது. டீச்சர் நம்பர் மேலேயே இருந்தது. நான் போடவில்லை. தெருவில் யாராவது ஒரு வெடித்துண்டை எடுத்துப் பார்த்து, போட்டோ பிடித்து வாட்ஸப்பில் விட்டால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. எங்கள் வாசலில் கூட்டம் நிற்பதுபோல மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது, எண்ணித் தருகிறேன் என்று சொன்ன வாயால் எண்ணிக்கை குறைகிறது என்று சொல்ல வேண்டுமே என்பதுதான். சாயங்காலத்துக்குள் நூற்று முப்பத்தாறையும் கொண்டுவந்து கட்டோடு சேர்த்துவிட்டால் அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று காரை எடுத்தேன்.

கழிவு வியாபாரியின் குடோன் ஊருக்கு வெளியே. தாள் மலையாகக் குவிந்து கிடந்தது. அவருடைய ஆட்களோடு நானும் உட்கார்ந்து புரட்டினேன். மார்பிள் நிறம் இருந்ததால் கண்ணில் பட்டது. பகல் பன்னிரண்டு மணிக்குள் நூற்றுப் பதினான்கு தாள் கிடைத்துவிட்டது. இன்னும் இருபத்திரண்டு.

“அதுவாம்மா?” என்றார் வியாபாரி. “மேகம் கலைஞ்ச மாதிரி கலர் கலரா இருந்துச்சே. அளகா இருக்குன்னு பொம்பளைக எடுத்துட்டாக. நேத்து ரெண்டு ரெண்டா வெட்டி, குளாய்க்கு மேல்சுத்தா, படம் வெளிய தெரியிற மாதிரி ஒட்டுனாக. நாப்பத்தி நாலு குளாய். காலைல லோடோட போயிருச்சு.”

“எந்த ஃபேக்டரிக்கு?”

அவர் சொன்னது என் பெரியப்பா மகனுடைய ஃபேக்டரி. அண்ணன்தான் என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. வெளியாள் என்றால் அன்றைக்கு நான் வாசலோடு திரும்பியிருப்பேன். அதுவே நல்லதாக இருந்திருக்கும்.

அந்த ஃபேக்டரிக்குள் நான் அதற்கு முன் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் போயிருக்கிறேன். கரிசல் காட்டில் தள்ளித் தள்ளி ஒற்றை ஒற்றை அறைகள். ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் வாசல், எந்தப் பக்கமும் ஓட வசதியாக. கட்டும்போதே ஓடுவதை நினைத்துக் கட்டுகிற கட்டடம் வேறு எங்கும் உண்டா, தெரியவில்லை. வாசலில் ஒரு செம்புத் தகடு. அதைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். செருப்பு, போன் எல்லாம் கேட்டில். அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை. என்னுடைய வளையல் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

ஃபோர்மேன் என்னைக் கேட்டுக்கு உள்ளேயே ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வந்தார்.

“இருக்கு தங்கச்சி. நாப்பத்தி நாலும் ஒரே ரூம்ல இருக்கு. ஆனா மருந்து ஏறிருச்சு. திரி மட்டுந்தான் வைக்கல.”

“பிரிச்சுக் குடுங்கண்ணே.”

“மருந்து ஏறுன கொளாயைப் பிரிக்கக் கூடாது. உரசுனாப் போதும். கெட்ட சரக்கு எல்லாத்தையும் நாங்க என்ன செய்வோமோ அதைச் செஞ்சிருவோம். தண்ணித் தொட்டியில முக்கிருவோம். அஞ்சு நிமிசத்துல சோலி முடிஞ்சது.”

“முக்கினாத் தாளு கூளாப் போயிரும்ல. எனக்குத் தாளு முளுசா வேணும். எண்ணிக் குடுக்கணும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கேட் அறையிலிருந்து வெளியூரில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் முதலில் சத்தம் போட்டான். பிறகு கெஞ்சினான். நான் விடவில்லை. சின்ன வயசிலிருந்து நான் விட்டதில்லை என்பது அவனுக்குத் தெரியும். கடைசியில், “என்னமும் பண்ணு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத” என்று வைத்துவிட்டான். அதை நான் ஃபோர்மேனிடம், “அண்ணன் சரின்னுட்டாக” என்று சொன்னேன். இதை எழுதும்போது கூட எனக்கு முகம் சுடுகிறது.

மருந்து அறையில் இருபது வருஷம் வேலை பார்த்த ஒரு அக்காவை ஃபோர்மேன் கூட்டிவந்தார். என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கைவரை சாம்பல் நிறம். சொன்னதை நின்று கேட்டார்.

“என்ன எளுதியிருக்கும்மா அதுல?”

“சாமி பேரு. பாய்மாருக சாமி.”

“என்ன பேரு?”

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை மாதமாக அந்தத் தாளை அடித்தவள், காலையிலிருந்து அதற்காக அலைகிறவள், தெரியாது என்றேன். அந்த அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். “நாலரைக்கு வேன் போயிரும்மா. விட்டா பஸ்ஸு கெடையாது” என்றார். என் காரில் கொண்டு விடுகிறேன் என்றேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

பக்கத்து இரண்டு அறைகளிலிருந்தும் ஆட்களை ஃபோர்மேன் தள்ளிப் போகச் சொன்னார். அந்த அக்கா செம்புத் தகட்டைத் தொட்டு உள்ளே போய் ரப்பர் விரிப்பில் உட்கார்ந்தார். வாசல் திறந்திருந்ததால் மரத்தடியிலிருந்தே தெரிந்தது. ஒரு குழாயை எடுத்து, அடியை மெல்லத் தட்டி மருந்தைக் காகிதத் தட்டில் சரித்தார். பிறகு ஈரத் துணியால் மேல்சுற்றை ஒற்றி, மூங்கில் சில்லை உள்ளே விட்டு இழுக்காமல் தூக்கினார். டீச்சரின் எழுத்து சுருண்டபடி உரிந்து வந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார். நான் “ஒண்ணு” என்றேன், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். காற்றே இல்லை. வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லை. கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்த வாடை தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. ஃபோர்மேன் என் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாவது குழாயில் தாள் சிக்கிக்கொண்டது. அந்த அக்கா கையை எடுத்துவிட்டு, கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டு, மறுபடி தொட்டார். ஃபோர்மேன் வாய்க்குள் ஏதோ சொன்னார். நான் எண்ணிக்கையை விட்டுவிடவில்லை.

முப்பது தாண்டியபோது மேற்கே மேகம் ஏறிவிட்டது. முப்பத்தாறில் வெயில் போய்விட்டது. முப்பத்தொன்பதாவதை அவர் தொட்டியில் போட்டபோது மேகத்துக்குள் ஒரு வெளிச்சம் ஓடியது. நான் மனசுக்குள் எண்ணினேன். சத்தம் வரக் கொஞ்ச நேரமானது. ஃபோர்மேன் அதற்குள் ஓடிப்போய் மணியை அடித்துவிட்டார். மின்னல் தெரிந்தால் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அதில் கேள்விக்கே இடமில்லை. ஒவ்வொரு அறையிலிருந்தும் ஆட்கள் வெறுங்காலோடு வெளியே வந்து, ஓடாமல், தலையைக் குனிந்தபடி கேட் பக்கம் நடந்தார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அக்கா பாதி எழுந்தார். எழுந்தவர் என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் மாற்றிப் பார்த்திருக்கிறேன். வாங்க என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கையை அசைத்திருந்தால்கூடப் போதும். நான் கையைத் தூக்கினேன். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். இன்னும் ஐந்துதானே என்று. அவர் என் கையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

ஃபோர்மேன் கேட் பக்கமிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார். “நீங்க சொன்னாத்தான் வருவா, சொல்லுங்கம்மா!” அதுவரை தங்கச்சி என்றவர் அப்போதுதான் முதல்முறையாக அம்மா என்றார். எனக்குக் கேட்டது. பயம் இல்லாமல் நான் அங்கே நிற்கவில்லை. பயந்துகொண்டேதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நாற்பது. மறுபடி வெளிச்சம், இந்தத் தடவை சத்தம் சீக்கிரம் வந்தது. நாற்பத்தொன்று. அந்த அக்காவின் முதுகு மட்டும் தெரிந்தது. ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. நாற்பத்திரண்டு. என் வீட்டு ஆட்கள் யாராவது அந்த விரிப்பில் உட்கார்ந்திருந்தால் நான் இப்படி நிற்பேனா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை ஒதுக்கித் தள்ளினேன். நாற்பத்து மூன்று.

நாற்பத்து நான்காவதைப் போட்டுவிட்டு அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஓடவில்லை. வாசல் தாண்டி, வெயிலடித்துச் சுட்டுக் கிடந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்து, மரத்தடிக்கு வந்து என் காலடியில் தொட்டியை வைத்தார். நான் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். ஈரமும் பசையுமாக ஒவ்வொன்றையும் பிரித்து அடுக்கி, நாற்பத்து நான்கு பாதிகளையும் எண்ணி முடித்துத்தான் தலையை நிமிர்த்தினேன். என்னுள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த அக்கா குழாயடிக்குப் போயிருந்தார். அவர் பக்கத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிட்டதாம். முன்கூட்டியே பிரஸ்ஸுக்கு வந்தவரிடம் ஆபரேட்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஆட்டோ பிடித்து, கழிவு குடோனில் விசாரித்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். கேட்டில் நின்ற கூட்டத்தில் யாரோ மீதிக் கதையையும் சொல்லியிருக்க வேண்டும். நான் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனேன். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. முக்காடு நழுவி விழுந்திருந்தது, அதைச் சரிசெய்யவுமில்லை. அந்த அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, உள்ளங்கையைப் பார்த்து, திருப்பிப் புறங்கையைப் பார்த்து, ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எரியுதாக்கா?”

“இல்ல டீச்சர். மருந்து, களுவுனாப் போயிரும்.”

“டீச்சர், நூத்தி முப்பத்தாறும் இருக்கு. ஒண்ணுகூடக் கொறையல” என்றேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் சத்தம் உயரவில்லை.

“இதைத் தண்ணியில போட்டிருக்கலாமேக்கா.”

“நீங்க திருப்பித் தரணும்னு சொன்னீகளே டீச்சர்.”

“திருப்பித் தந்தா நான் என்ன செய்வேன்னு நெனச்சீக? வீட்டுல தொட்டியில ஊறப்போட்டு, கூளானதும் குளி தோண்டிப் பொதைப்பேன். அம்புட்டுதான் வளக்கம். எம்புட்டுத் தாளுன்னு நான் எண்ணக்கூட மாட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?”

தண்ணீரில் முக்கிவிடலாம் என்று சொன்ன ஃபோர்மேன் நாலடி தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி படம் கிழிந்தால் கிணற்றில் கொண்டுபோய்ப் போடுகிற வீட்டில்தான் நானும் பிறந்தேன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எண்ணிக்கையைத் தவிர எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“அதுல என்ன பேரு எளுதியிருக்கு டீச்சர்?” என்று அந்த அக்கா கேட்டார். “உரிக்கும்போதெல்லாம் நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

“மென்மையானவன்னு அர்த்தங்க்கா. அல்லாவோட பேருகள்ல ஒண்ணு.”

டீச்சர் என் கையிலிருந்த தொட்டியை வாங்கி, ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கெட்ட சரக்கு முக்குகிற சிமெண்டுத் தொட்டியில் நாற்பத்து நான்கையும் ஒன்றாகச் சரித்தார். வாய்க்குள் ஏதோ ஓதினார். தாள்கள் கொஞ்ச நேரம் மிதந்தன. பசை விட்டு, விளிம்பு தொய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி மெல்ல அடியில் போயின. மேகம் கிழக்கே நகர்ந்துவிட்டிருந்தது. மழையும் வரவில்லை. கேட் பக்கம் நாலரை வேன் ஹாரன் அடித்தது.

அந்த அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“அம்புட்டுதானா?” என்றார்.

டீச்சரைத்தான் கேட்டார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, என் கார் வேண்டாம் என்று சொல்லி வேனைப் பிடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை அந்த வேனை ரோட்டில் பார்த்திருக்கிறேன். ஜன்னலோரம் அவர் இருந்தார். இரண்டு தடவையும் நான்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.